மூன்றாம் மேசைக் கம்ப்யூட்டர்

21 அக்டோபர் 2024, திங்கள், காலை 10.42. எண்ணிக்கை: ஒன்பது.

ஒன்பதாவது தடவையாக ஓட்டம் பாதியில் நின்று நீலத் திரை. கம்ப்யூட்டருக்கு வயது பத்து நாள்.

இதை எழுதச் சொன்னவர் செல்வின் சார். பாளையங்கோட்டையில் கட்டடங்களுக்குக் கம்பிக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் அலுவலகம் அவருடையது. மனைவிக்குக் கண் ஆபரேஷன் என்று மதுரையில் இருக்கிறார். போனில் நான் புலம்ப ஆரம்பித்ததும் நிறுத்தினார். "வாயால சொல்லாதடே நயினாரு. எப்ப, எத்தனாவது தடவ, அப்ப என்ன ஓடிட்டு இருந்துச்சு, எழுதி வை. காய்ச்சல்காரனுக்கு சார்ட் போடுத மாதிரி." அதனால் பழைய சைட் டைரியின் வெற்றுப் பக்கங்களில் எழுதுகிறேன்.

கம்பெனிக் கம்ப்யூட்டராக வாங்கிவிடலாம் என்றுதான் சார் சொன்னார். அது சோம்பேறிகள் வேலை, உதிரி பாகம் வாங்கி நானே பூட்டுகிறேன் என்று சொன்னவன் நான். கல்லூரியில் படித்தது சிவில்தான் என்றாலும் விடுதியில் ஆறு கம்ப்யூட்டர் பூட்டியிருக்கிறேன். ஆறும் ஓடின.

இதுவரை தெரிந்தது: கணக்கு ஓடும்போது விழுகிறது. பிரிண்ட் எடுக்கும்போது விழுகிறது. ஒருமுறை யாரும் தொடாமலே விழுந்தது. ஒரே மாதிரி விழுந்தால் பிடித்துவிடலாம். இது அப்படி இல்லை.

பக்கத்து மேசை கோமதி அக்கா பன்னிரண்டு வருடமாக இங்கே வரைபடம் வரைபவர். ஒவ்வொரு முறை திரை நீலமாகும்போதும் தலையைத் திருப்பாமலே "போச்சா?" என்கிறார். கேள்வியாகக் கேட்டால்கூடப் பரவாயில்லை. கரண்ட் போனதைச் சொல்லுகிற தொனியில் சொல்லுகிறார்.

அதே நாள், மதியம் 3.15

சூடு பார்த்தேன். முழு வேலை கொடுத்து நாற்பது நிமிடம் ஓடவிட்டும் 71 டிகிரிதான். சூடு காரணமில்லை. தெர்மல் பேஸ்டைத் துடைத்து மறுபடி பூசினேன். தேவையில்லாத வேலை. கை சும்மா இருக்க முடியவில்லை.

ஒன்பது விழுகையில் ஐந்து, போன வாரம் 14 முதல் 17ஆம் தேதிக்குள். வீரவநல்லூர் கல்யாண மண்டபத்தின் கணக்கு அப்போதுதான் இதில் ஓடியது. இரண்டு நாள் வேலை நாலு நாள் இழுத்தது. 17ஆம் தேதி சாயங்காலம் வரைபடம் சைட்டுக்குப் போய்விட்டது. 26, சனிக்கிழமை, மாடித் தளத்துக்குக் கான்கிரீட். அதற்குப் பிறகு ஆட்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போய்விடுவார்கள். அது முடிந்த வேலை. இந்தக் குறிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

22 அக்டோபர், செவ்வாய், காலை 11.05

பழைய கம்ப்யூட்டரிலிருந்து எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றி இதில் மாட்டினேன். கரண்ட் சப்ளையில் குறை என்றால் இதோடு நிற்க வேண்டும்.

மதியம் 2.10. எண்ணிக்கை: பத்து.

நிற்கவில்லை.

2.40

வீரவநல்லூரிலிருந்து காண்டிராக்டர் லிங்கம் அண்ணாச்சி போன் செய்தார். மாடியில் பீம்களுக்குக் கம்பி கட்டுகிறார்களாம். கம்பி கட்டுகிறவர் ஏதோ சந்தேகம் கேட்கிறாராம். வரைபடத்தில் இருக்கிறதைக் கட்டச் சொல்லுங்கள், வரைந்தவர்களுக்குத் தெரியும் என்று சொல்லி வைத்துவிட்டேன். கையில் ஸ்க்ரூ டிரைவரோடு நிற்கிறவனிடம் பேசுகிற நேரமா இது.

கோமதி அக்கா என்னைப் பார்த்தார். போன வாரம் அவரும் இதையேதான் கேட்டார். நானும் இதே பதிலைத்தான் சொன்னேன்.

23 அக்டோபர், புதன், பகல் 12.50

பிடித்துவிட்டேன்.

காலை எட்டு மணிக்கு மெமரி சோதனையை ஓடவிட்டேன். ராம் பட்டைகள் இரண்டு. இரண்டையும் சேர்த்துச் சோதித்தால் பிழை. முதல் பட்டையை மட்டும் வைத்தால் சுத்தம். இரண்டாவதை மட்டும் வைத்தால் நாற்பது நிமிடத்தில் நான்கு பிழை. நான்கும் ஒரே வகை: 1 இருக்க வேண்டிய இடத்தில் 0.

பட்டையைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். தங்க நிறப் பற்கள் வரிசையில் நடுவே நாலைந்து பற்கள் மங்கல். நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி வருகிறது, மஞ்சளும் சிவப்புமாக. முகர்ந்து பார்த்தேன். சந்தனம்.

11ஆம் தேதி ஆயுத பூஜை. அன்று காலை மேசை மேல் பாகங்களைப் பரப்பி வைத்திருந்தேன். அக்கா வரைபடம் அச்சடிக்கும் பிளாட்டர், கால்குலேட்டர், ஸ்டேப்ளர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தவர், மேசையில் தனித்தனியாகக் கிடந்தவற்றையும் தனித்தனி ஆயுதமாக எடுத்துக்கொண்டார். மதர்போர்டுக்கு ஒன்று. ஃபேனுக்கு ஒன்று. ராம் பட்டைகளுக்கு ஆளுக்கொன்று. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற செல்வின் சார் வாசலில் நின்று பொரிகடலை தின்றுகொண்டு, "அவனையும் விட்டுராத கோமதி, நெத்தியில ஒண்ணு வையி" என்று என்னைக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் ஆன் செய்துவிட வேண்டும் என்றார் அக்கா. எனக்கு அதில் எல்லாம் நம்பிக்கை கிடையாது.

சாரிடம் போனில் சொன்னேன்: அக்கா ராமில் சந்தனம் வைத்துவிட்டார், அதுதான் மொத்தப் பிரச்சினை. சார் வயிறு குலுங்கச் சிரித்தார். அக்கா பக்கத்து மேசையில்தான் இருந்தார்.

பட்டையை ஸ்பிரிட் வைத்துத் துடைத்து உறையில் போட்டுவிட்டேன். ஒற்றைப் பட்டையில் ஓடுகிறது.

3.30

டீ வந்தது. அக்கா ஃபிளாஸ்க்கிலிருந்து எல்லோருக்கும் ஊற்றினார். என் கிளாஸ் காலியாக இருந்தது. நானே போய் ஊற்றிக்கொண்டேன்.

சரி, முழுதாக எழுதிவிடுகிறேன். பட்டையில் பொட்டு இருந்ததை அன்றைக்கே பார்த்தேன். மணி அப்போது 10.21. ஸ்பிரிட் கீழ்க்கடையில் கிடைக்கும், போய் வரப் பத்து நிமிடம். சட்டை நுனியால் ஒரு தேய்ப்புத் தேய்த்துச் செருகினேன். ஈரச் சந்தனம் பல்லுக்குள் இறங்கியது அப்படித்தான் இருக்க வேண்டும். 10.28க்கு ஓடிவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

24 அக்டோபர், வியாழன், காலை 9.30

நீலத் திரை இல்லை. இருபது மணி நேரம் நிற்காமல் ஓடியிருக்கிறது.

11.20

சார் கூப்பிட்டார். ஓடுகிறதா என்றார். ஓடுகிறது என்றேன். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஏ நயினாரு. புத்தி கலங்கி இருக்கயில அது சொன்ன கணக்கு ஒண்ணு சைட்டுக்குப் போயிருக்குல்லா?"

நான் உடனே சொன்னேன், விழுந்தால் மொத்தமாக விழும், தப்பான விடை தராது என்று. கல்லூரியில் முதல் வருடப் பையனுக்குக்கூடத் தெரியும், அது உண்மையில்லை.

"சரி. கைக்கணக்குத் தாள் ஃபைல்ல இருக்குல்லா?"

"இருக்கு சார்."

"பிறகென்ன, நிம்மதி" என்று வைத்துவிட்டார். நாளை காலை ஒன்பது மணிக்கு ஆபரேஷன்.

கைக்கணக்குத் தாள் என்பது இந்த அலுவலகத்தின் சட்டம். கம்ப்யூட்டர் என்ன சொன்னாலும், பெரிய பீம் ஒவ்வொன்றையும் ஒருவர் பேனா, கால்குலேட்டர் வைத்துத் தாளில் போட்டுப் பார்த்து, கையெழுத்திட்டு ஃபைலில் வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வரைபடம் வெளியே போகும். மண்டபத்தின் தாள் ஃபைலில் இருக்கிறது. கையெழுத்து இருக்கிறது.

1.05

சாப்பிடப் போகவில்லை. மண்டபத்தின் ஃபைலைத் திறந்தேன்.

முதல் மாடி சாப்பாட்டுக் கூடம். பத்து மீட்டர் நீளத்தில் நாலு பீம், 11 முதல் 14 வரை. நாலுக்கும் ஒரே நீளம், ஒரே இடைவெளி, ஒரே கூட்டம். 11க்கு அடியில் எட்டுக் கம்பி. 13க்கு எட்டு. 14க்கு எட்டு.

12க்கு ஐந்து.

அக்கா 17ஆம் தேதி கேட்டது இதுதான். "ஏன் தம்பி, பக்கத்துப் பீம்ல எல்லாம் எட்டு நிக்கி, இதுல மட்டும் அஞ்சு. பாத்துத்தான் சொல்லுதியா?" அப்போதுதான் ஏழாவது தடவை விழுந்திருந்தது. நான் என்ன சொன்னேன் என்றால், "கம்ப்யூட்டர் சொன்னத வரைங்கக்கா. உங்களுக்கு வரையத்தான சம்பளம்."

இதை எழுதிப் பார்க்கும்போதுதான் எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று தெரிகிறது.

1.40

உள்ளே போய்த் தேடினேன். ஒவ்வொரு பீமுக்கும் மேலே நிற்கிற ஆட்களின் பாரம் என்று ஒரு வரி உண்டு. சதுர மீட்டருக்கு 5, அதாவது ஏறக்குறைய ஐந்நூறு கிலோ, என்று இருக்க வேண்டும். 11இல் 5. 13இல் 5. 14இல் 5. 12ஆம் பீமில் 1.

கம்ப்யூட்டருக்குள் 5 என்ற எழுத்துக்கும் 1 என்ற எழுத்துக்கும் எட்டுப் புள்ளிகளில் ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம். அந்தப் புள்ளி 1ஆக இருந்தால் ஐந்து. 0ஆனால் ஒன்று. இரண்டாவது பட்டை செய்த பிழையும் அதே வகைதான்.

ஆக, சந்தனம்.

அல்லது நானே 1 என்று அடித்தேன். விசைப் பலகையின் எண் பகுதியில் 5க்குக் குறுக்கே கீழே ஒட்டியிருப்பது 1. மூன்று தடவை விழுந்து, மூன்று தடவை பாரத்தையெல்லாம் மறுபடி அடித்த எரிச்சலில் விரல் எங்கே போயிற்று என்று யாருக்குத் தெரியும். எந்தச் சோதனை ஓட்டினாலும் இனி இது தெரியப்போவதில்லை.

2.00

கைக்கணக்குப் போட்டேன். முதல் முறையாக.

பன்னிரண்டு நிமிடம். விடை ஏழு கம்பியும் கொஞ்சமும். அதாவது எட்டு.

இந்தப் பன்னிரண்டு நிமிடத்தை நான் 17ஆம் தேதி செலவழிக்கவில்லை. நாலு நாள் வீணாகிவிட்ட கோபம். கம்ப்யூட்டர் விடையைப் பார்த்துத் தாளில் நடுவே சில வரிகளை நிரப்பி, கீழே கையெழுத்திட்டுச் செருகிவிட்டேன். பார்த்தால் கணக்கு மாதிரியே இருக்கும். சார்கூட ஏமாந்திருப்பார், ஏமாந்தார்.

2.30

ஐந்து கம்பியோடு அந்தப் பீம் உடனே விழாது. அதுதான் பயம். கான்கிரீட் போடலாம், முட்டுப் பலகைகளைப் பிரிக்கலாம், டைல்ஸ் ஒட்டலாம், ரிப்பன் வெட்டலாம். தை மாதத்தில் முதல் கல்யாணம் பதிவாகியிருக்கிறதாம். பந்திக்கு முந்நூறு பேர் உட்காருவார்கள். அடுத்த பந்திக்கு இடம் பிடிக்க, சாப்பிடுகிறவர்கள் முதுகுக்குப் பின்னால் இன்னொரு இருநூறு பேர் நிற்பார்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ரசத்துக்கு வந்துவிட்டார்களா, மோருக்கு வந்துவிட்டார்களா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு. 5 என்ற எண் அவர்களுக்காக வைத்தது. கீழே மணமேடை.

கோமதி அக்கா இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். "போச்சா?" என்று கேட்கவில்லை.

4.40

சாருக்கு நாலு தடவை நம்பரை எடுத்தேன். நாளைக்கு ஆபரேஷன், இன்று ஏன் கலக்க வேண்டும். கான்கிரீட் சனிக்கிழமைதானே. நாளை மதியம் ஆபரேஷன் முடிந்ததும் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம். எப்படிச் சொல்வது என்று யோசித்து வைத்தேன்: சந்தனம், பட்டை, பிழை, 5, 1. கேட்டால் யாரும் என்னைத் திட்ட முடியாது. கைக்கணக்குத் தாளை ஃபைலிலிருந்து எடுத்துவிட்டுப் புதுத் தாளை வைத்துவிட்டால் போதும்.

தாளை எடுத்தேன். பைக்குள் வைத்திருக்கிறேன்.

25 அக்டோபர், வெள்ளி, காலை 8.50

லிங்கம் அண்ணாச்சி கூப்பிட்டார். கம்பி வேலை நேற்றே முடிந்துவிட்டதாம். நாளைக்கு மழை என்று செய்தியில் சொல்கிறார்களாம். மிக்சர் வந்துவிட்டது, ஆள் நாற்பது பேர் வந்தாயிற்று. இன்றைக்கே கான்கிரீட். பன்னிரண்டு மணிக்கு மேல் ஆரம்பம்.

நிறுத்துங்கள் என்றேன். ஏன் என்றார். வரைபடத்தில் ஒரு திருத்தம் இருக்கிறது, நாளைக்கு அனுப்புகிறேன் என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்ன திருத்தம்? செவ்வாக்கெழம நான் கேக்கையில, இருக்கதக் கட்டச் சொல்லுங்கன்னு சொன்னிய. இப்ப எல்லாம் கட்டி, பலக அடிச்சு மூடியாச்சு. செல்வின் சார் சொல்லட்டும், நிறுத்துதேன். நீங்க சொல்லி நாப்பது பேர உக்கார வைக்க முடியாது தம்பி."

காரணத்தைச் சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார். அவர் கெட்டவர் இல்லை. என்னால் சொல்ல முடியவில்லை. "சத்தமே வராம பேசுதிய, உடம்பு சரியில்லையா" என்று கேட்டுவிட்டு வைத்தார்.

சார் போன் அணைந்திருக்கிறது.

9.25

கோமதி அக்காவிடம் சொன்னேன். அவரிடம்தான் முதலில் சொன்னேன். 12ஆம் பீம், ஐந்து இல்லை எட்டு, இன்றைக்கே கான்கிரீட். பையிலிருந்து அந்தத் தாளையும் எடுத்துக் காட்டினேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். தாளை மேலிருந்து கீழே படித்தார். கையெழுத்து வரைக்கும் வந்து அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தன் கம்ப்யூட்டரில் வரைபடத்தைத் திறந்தார். மூன்று கம்பி வரைய அவருக்கு நாலு நிமிடம் ஆயிற்று. பிளாட்டர் ஓடும்போது என்னைப் பார்க்காமல் பேசினார்.

"சந்தனம் வச்சது நாந்தான். அதுல எனக்கு மறுப்பு இல்ல. ஈரத்தோட செருகுனது யாருன்னும் நான் பாத்துட்டுதான் இருந்தேன்."

பிளாட்டரிலிருந்து இறங்குகிற தாளை நான் பிடித்துக்கொண்டேன்.

"சார்ட்ட சொல்லுவன்னு நெனச்சேன். நேத்து வரைக்கும் நெனச்சேன்."

பிரிண்டைச் சுருட்டி ரப்பர் போட்டுக் கொடுத்தார். "கையெழுத்து நீ போடணும். இந்தத் தடவ பாத்துப் போடு."

பார்த்தேன். எட்டுக் கம்பியையும் விரல் வைத்து எண்ணினேன். பிறகு கையெழுத்துப் போட்டேன்.

10.15, பஸ்ஸில்

பைக்கை எடுத்தேன், அலுவலகத் தெருமுனை வரைக்கும் போனேன், கிளட்ச்சில் கை நிற்கவில்லை. அங்கேயே ஒரு கடை வாசலில் நிறுத்திவிட்டு பஸ் ஏறிவிட்டேன். ஜன்னல் சீட். சேரன்மகாதேவி வரைக்கும் ஒரே கூட்டம், மடியில் யாரோ ஒரு அம்மாவின் பழக்கூடை. அதன்மேல் டைரியை வைத்து எழுதுகிறேன். "பரீச்சையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

சார் போன் இன்னும் அணைந்தே இருக்கிறது. அண்ணாச்சியும் எடுக்கவில்லை.

11.20க்குள் இறங்கிவிடலாம். நாற்பது நிமிடம் மிஞ்சும். வேலை போவது பற்றி இப்போது யோசிக்கவில்லை என்று எழுதப் போனேன், அது பொய். அதையும்தான் யோசிக்கிறேன். ஆனால் கண்ணை மூடினால் வருவது அதில்லை. முதுகுக்குப் பின்னால் நிற்கிற அந்த இருநூறு பேர்.

செய்ய வேண்டியவை:

1. இறங்கியதும் டவுன் பஸ்ஸுக்கு நிற்கக் கூடாது. ஆட்டோ.

2. நேராக மாடிக்கு. 12ஆம் பீமின் பக்கப் பலகையை ஒரு இடத்தில் கழற்றச் சொல்லி, அடிக் கம்பியை விரல் வைத்து எண்ண வேண்டும். கம்பி கட்டினவர் தானாகவே எட்டுக் கட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு படி ஏறக் கூடாது.

3. லிங்கம் அண்ணாச்சியிடம் திருத்தம் என்ற சொல்லைச் சொல்லக் கூடாது. "தப்பு. நான் செஞ்ச தப்பு" என்று சொல்ல வேண்டும். நாற்பது பேருக்கும் கேட்கிற மாதிரி.

4. சார் போனை எடுத்ததும் முதல் வாக்கியம்: "கைக்கணக்கு நான் போடல சார், கையெழுத்து மட்டும் போட்டேன்." மெமரி, சந்தனம், புள்ளி எதுவும் அதற்கு முன்னால் வரக் கூடாது. கோமதி அக்கா பெயர் வந்தால், அவர் கேட்டார், நான் கேட்கவில்லை என்று மட்டும்தான் வர வேண்டும்.

5. பழைய தாளைக் கிழிக்கக் கூடாது. சார் கையில் கொடுக்க வேண்டும்.

6. அண்ணாச்சி ஒத்துக்கொள்ளாமல் மிக்சரை ஓட்டினால், 12ஆம் பீமின் கம்பிக் கூட்டுக்குள் இறங்கி நிற்க வேண்டும். ஆள் நிற்கிற இடத்தில் கான்கிரீட் கொட்ட மாட்டார்கள்.

7. சார் போனை எடுக்கும் வரை அங்கிருந்து ஏறக் கூடாது.